முதல் பன்னிருவர்: ஹவாய்க் கடலில் தொடங்கிய ஒரு போட்டியின் வரலாறு

விளையாட்டுகளின் தோற்றுவாயைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்புவர். மல்யுத்தம் எங்குத் தொடங்கிற்று, முதல் ஓட்டப்பந்தயம் எவ்வூரில் நிகழ்ந்தது என்று கேட்டால் புராணமும் ஊகமுமே விடையாகக் கிடைக்கும். இதற்கு விலக்காக நிற்பது நெடுந்தொலைவு ட்ரையத்லான். அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, ஆள் கணக்கும் உண்டு. 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஒஆஹு தீவில் பதினைந்து பேர் போட்டியைத் தொடங்கினர். பன்னிருவர் முடித்தனர்.

இன்று இத்தகைய போட்டியில் முதன்முறையாக இறங்கும் ஒருவருக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், கையேடுகள் இருக்கின்றன, எந்த மணியில் எதை உண்ண வேண்டும் என்ற அட்டவணை இருக்கிறது. அந்தப் பதினைவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர்கள் அனைவரும் புதியவர்கள். அறிவுரை கேட்க ஒரு பழைய ஆள்கூட உலகில் இல்லை. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று நம் வகுப்பறைகளில் சொல்லி வருகிறோம். அவ்வுறவை ஒரு விளையாட்டின் வரலாற்றில் கண்ணெதிரே காணும் வாய்ப்பை அன்றைய நாள் நமக்கு அளிக்கிறது. அதனினும் ஒரு படி மேலான செய்தியும் அதில் உண்டு. 'யார் வலியவர்?' என்ற கேள்விக்கு விடை காண வகுத்த போட்டி, சில ஆண்டுகளுக்குள்ளாகவே முற்றிலும் வேறொரு கேள்விக்கு விடையளிக்கத் தொடங்கிற்று. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லைப் பற்றி ஒரு சொல். 'ட்ரையத்லான்' என்பது மூன்று என்னும் பொருளுடைய கிரேக்க முன்னொட்டும், போட்டி அல்லது பரிசு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லும் சேர்ந்து உருவானது. நீந்தல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைநிறுத்தமின்றி ஒரே தொடராக முடிப்பது அது. 'மும்முனைப் போட்டி' என்று தமிழாக்கலாம். ஆனால் அவ்வாறு எழுதினால் நம்மவர் உடனே தேர்தல் முடிவுகளைத் தேடத் தொடங்கிவிடுவர். ஆகவே ட்ரையத்லான் என்றே வழங்குவோம்.

களம் அமைந்த விதம்

1970-களின் ஹொனலூலு நகரை முதலில் கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒருபுறம் சுற்றுலாப் பயணிகள் குவியும் வைக்கீகி கடற்கரை. மறுபுறம் அமெரிக்கக் கடற்படையின் பேர்ல் ஹார்பர் துறைமுகம். நீந்துவதும் அலைமேல் பலகையேறிச் செல்வதும் இம்மண்ணுக்குப் புதியவை அல்ல. ஹவாய் மக்கள் அலைச்சறுக்கைத் தலைமுறை தலைமுறையாகப் பயின்றவர்கள். வைக்கீகி கடலில் வளர்ந்த டியூக் கஹானமோக்கு 1912-இல் ஸ்டாக்ஹோமிலும் 1920-இல் ஆன்ட்வெர்ப்பிலும் நூறு மீட்டர் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். கடல் அங்கு அச்சத்துக்குரிய எல்லை மட்டும் அன்று, ஊரின் முற்றமும்கூட.

அம்முற்றத்தில் 1970-இல் ஒரு நீச்சல் போட்டி தொடங்கிற்று. 'வைக்கீகி ரஃப்வாட்டர் ஸ்விம்' என்பது அதன் பெயர், தொலைவு 2.4 மைல், அதாவது சற்றேறக்குறைய 3.86 கிலோமீட்டர். தீவைச் சுற்றி 115 மைல் செல்லும் மிதிவண்டிப் பந்தயம் ஒன்றும் இருந்தது. அதை இரண்டு நாள்களில் பிரித்து ஓட்டுவர். மூன்றாவதாக, 1973-இல் ஹொனலூலு மாரத்தான் பிறந்தது.

அம்மாரத்தானின் பின்னணி சுவையானது. கென்னத் கூப்பர் என்னும் மருத்துவர் 1968-இல் வெளியிட்ட 'ஏரோபிக்ஸ்' என்னும் நூல் நடுவயது அமெரிக்கரை வீதியில் ஓடவைத்தது. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் வென்றதும் அந்த அலை இன்னும் உயர்ந்தது. ஹொனலூலுவில் ஜாக் ஸ்காஃப் என்னும் இதயநோய் மருத்துவர், நோயாளிகளுக்கே மெதுவான நெடுந்தொலைவு ஓட்டத்தை மருந்தாகப் பரிந்துரைத்தார். மாரத்தான் ஓட்டத்துக்குப் பொதுமக்களைப் பயிற்றும் முகாமையும் நடத்தினார். நோயுற்றவன் ஓடக்கூடாது என்பதே அதுவரை மருத்துவ ஒழுக்கமாக இருந்தது. அந்நகரில் மாரத்தான் என்பது வீரர்களின் தனிச்சொத்தாக இல்லாமல் குமாஸ்தாவும் ஆசிரியையும் மாலுமியும் முயன்று பார்க்கும் ஒன்றாயிற்று. பின்னால் வரவிருக்கும் போட்டிக்கான ஆட்களை இந்த மண்தான் உருவாக்கியது.

மூன்று நிகழ்ச்சிகளும் தனித்தனியே மூன்று குழுவினருக்கு உரியவையாக இருந்தன. அவற்றை ஒரே நாளில் கோக்கலாம் என்ற எண்ணம் அங்கு யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

சான் டியேகோவின் மாலைப்பொழுது

மூன்று செயல்களை இணைக்கும் பழக்கம் ஹவாயில் தோன்றியதன்று. 1920-களில் பிரான்சில் மார்ன் ஆற்றங்கரையில் ஓடி, மிதிவண்டி ஓட்டி, ஆற்றை நீந்திக் கடக்கும் போட்டிகள் நடந்திருக்கின்றன. அவை நிலைபெறவில்லை, மறக்கப்பட்டன. இக்காலப் பொருளிலான ட்ரையத்லான் 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள், கலிஃபோர்னியாவில் சான் டியேகோ நகரின் மிஷன் விரிகுடாவில் நடைபெற்றது. அங்குள்ள ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷானஹான் என்னும் இருவர் அதனை வகுத்தனர். 46 பேர் கலந்துகொண்டனர். சிறு தொலைவு, வாரநாள் மாலையில் அலுவல் முடிந்து வருவோருக்கான பொழுதுபோக்கு.

அப்போட்டியின் வரிசையை நாம் உற்றுநோக்க வேண்டும். முதலில் ஓட்டம், பின்னர் மிதிவண்டி, இறுதியில் நீந்தல். களைத்த உடலுடன், இருள் கவியும் வேளையில் நீருக்குள் இறங்கும் ஏற்பாடு. கடைசியில் வந்தோர் கரை காணுமாறு மகிழுந்துகளின் முகப்பு விளக்குகளை நீரை நோக்கி எரியவிட்டனர். தொலைவு சிறிதாகவும் விரிகுடா அமைதியாகவும் இருந்தமையால் அது இயன்றது. ஏழெட்டு மணி நேரம் உழைத்த பின் ஒருவரைக் கடலில் இறக்கினால் நிலைமை வேறு. தரையில் தசைப்பிடிப்பு வந்தால் உட்காரலாம். கடலில் உட்கார இடமில்லை. பின்வந்த போட்டிகள் நீந்தலை முதலில் வைத்ததற்கு இதனினும் வலுவான காரணம் வேண்டா. இலக்கணம் இவ்வாறுதான் உருவாகிறது. செய்து பார்த்தவர்களின் உடல் அதை எழுதுகிறது.

அந்த 46 பேரில் ஒரு தம்பதியர் இருந்தனர். கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், அவர் மனைவி ஜூடி காலின்ஸ். பணிமாற்றத்தில் அவர்கள் ஹவாய்க்குச் சென்றபோது, மிஷன் விரிகுடாவின் நினைவும் உடன் சென்றது.

அவையில் எழுந்த வஞ்சினம்

1977-இல் ஒஆஹு தீவைச் சுற்றி ஓடும் தொடரோட்டத்தின் பரிசளிப்பு விருந்து. கூடியிருந்தோரில் ஓட்டக்காரர்களும் நீச்சல்காரர்களும் உண்டு. உடல் வலிமை மிக்கவர் யார் என்ற வழக்கு அவர்களிடையே எழுந்தது. ஓட்டக்காரர் தம்மையே சொன்னார், நீச்சல்காரர் தம்மை. அப்போது காலின்ஸ், இரு தரப்பும் எதிர்பாராத மூன்றாவது தரப்பு ஒன்றை உள்ளே கொண்டுவந்தார். பெல்ஜிய மிதிவண்டி வீரர் எடி மெர்க்ஸ், ஆக்சிஜனை உட்கொள்ளும் ஆற்றலில் அளவிடப்பட்டோர் அனைவரினும் மேம்பட்டவர் என்று 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் வந்திருந்ததை நினைவூட்டினார். ஆகவே மிதிவண்டிக்காரரே வலியவராக இருத்தல் கூடும்.

வழக்கைத் தீர்க்க அவரே வழியும் கண்டார். தீவில் ஏற்கெனவே நடக்கும் மூன்று போட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நாளில் செய்வோம். மிதிவண்டிப் பாதையில் மூன்று மைல் குறைத்து, எதிர்த்திசையில் சுற்றினால், நீந்தல் முடியும் இடத்தில் அது தொடங்கி, மாரத்தான் தொடங்கும் அலோஹா கோபுரத்தருகே முடியும். 115 மைல் 112 ஆயிற்று. முதலில் முடிப்பவரை 'இரும்பு மனிதன்' என்று அழைப்போம் என்றார். அவை நகைத்தது.

இன்று உலகெங்கும் மாறாத அளவாக மதிக்கப்படும் 2.4, 112, 26.2 மைல் என்னும் எண்களுக்கு வேறு எந்த ஆழ்ந்த காரணமும் இல்லை என்பதை நாம் இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றை எந்த உடலியல் ஆய்வும் தரவில்லை. ஒரு தீவின் சாலைகளும் ஓர் ஊரின் வழக்கமும் தந்தன. கிலோமீட்டரில் கூட்டினால் ஏறக்குறைய 226. இத்தொகையை ஒரே நாளில் மனித உடல் தாங்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

புறத்திணை பயின்றோர்க்கு இக்காட்சி அன்னியமாகத் தோன்றாது. அவை நடுவே ஒருவன், இன்னது செய்வேன், செய்யேனாயின் இன்னவன் ஆகுக என்று உரைப்பதை வஞ்சினம் என்று நம் முன்னோர் வகைப்படுத்தினர். அச்சொல்லின் ஆற்றல், பிறர் கேட்கச் சொல்லப்பட்டது என்பதில் இருக்கிறது. தனியறையில் நினைத்ததை மறந்துவிடலாம். அவையில் சொன்னதை மறக்க முடியாது. காலின்ஸும் தாம் சொன்ன சொல்லிலிருந்து விலகவில்லை. போட்டியை நடத்தியதோடு நில்லாமல் அதில் தாமும் கலந்துகொண்டார். விதிகளைக் கையெழுத்திலேயே சில பக்கங்களில் எழுதினார். முடித்தவன் எஞ்சிய வாழ்நாள் முழுதும் தற்பெருமை பேசிக்கொள்ளலாம் என்ற பொருள்பட ஒரு குறிப்பையும் அதில் சேர்த்தார். முடித்தோர்க்கு அளித்த பரிசுகள்கூட அவர் தம் கையால் செய்த சிறு உலோக உருவங்களே.

முந்நீர்

கடலுக்குத் தமிழில் பெயர்கள் பல. அவற்றுள் 'முந்நீர்' என்பது நம் கட்டுரைக்குப் பொருத்தமுடையது. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் மூன்றும் சேர்ந்தது என்பர் சிலர். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தன்மை உடையது என்பர் வேறு சிலர். இரண்டாவது விளக்கம், கடலில் போட்டியிடப் புகுவோருக்கு மிகவும் தேவையானது.

குளத்தில் நீந்துவோருக்குச் சுவர் உண்டு. இருபத்தைந்து அல்லது ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை அதைத் தொட்டு உந்திக்கொள்ளலாம். அடித்தளத்தில் வரைந்த கருங்கோடு திசை காட்டும். கடலில் சுவர் இல்லை, கோடு இல்லை. சில கைவீச்சுகளுக்கு ஒருமுறை தலையை முன்னே தூக்கிக் கரையிலுள்ள கட்டடத்தையோ மலைமுகட்டையோ பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அவ்வாறு தூக்குந்தோறும் இடுப்பு நீருக்குள் தாழும், வேகம் குறையும். தூக்காவிடில் நீரோட்டம் வேறெங்கோ கொண்டுசெல்லும். பார்க்க நினைத்த கணத்தில் அலை எழுந்தால் நீரைத் தவிர வேறொன்றும் தெரியாது. மூச்சிழுக்கும்போது உப்புநீர் வாய்க்குள் புகும். அது வயிற்றைக் கலக்கும். பின்னர் மிதிவண்டியின்மேல் உண்பவற்றை உடல் ஏற்க மறுக்கும். காலையில் விழுங்கிய உப்புநீரின் கணக்கை மாலையில் கால்கள் தீர்க்க வேண்டிவரும்.

கடல் தரும் உதவி ஒன்றுண்டு. உப்பின் அடர்த்தியால் உடல் எளிதில் மிதக்கும். ஆனால் அச்சம் அவ்வுதவியை விழுங்கிவிடும். கீழே ஆழம், சுற்றிலும் எவருமில்லை என்ற உணர்வு வந்தவுடன் மூச்சு குறுகும். நன்கு நீந்தத் தெரிந்தவரும் கைகால் தடுமாறுவர். இது வெறும் மனமயக்கம் அன்று. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வு, 2006 முதல் 2008 வரை அந்நாட்டின் ட்ரையத்லான் போட்டிகளில் நேர்ந்த 14 மரணங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 13 நீந்தும்போது நேர்ந்தவை. மூன்று பகுதிகளுள் நேரத்தால் மிகச் சிறியது நீந்தல். உயிருக்கு மிக நெருக்கமானதும் அதுவே.

1978-இல் ஹொனலூலுவில் இறங்கியோர் எல்லோரும் நீச்சலில் தேர்ந்தவர் அல்லர். அவர்களுள் ஓட்டக்காரர் பலர். ஓடுவதில் பழகிய உடல் தசைச்செறிவால் நீரில் தாழும்; கணுக்கால் வளையாது; நீரை உதைத்தால் முன்செல்லாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். வாழ்நாளெல்லாம் நிலத்தில் பெற்ற வலிமை, கடலின் முதல் நூறு மீட்டரில் சுமையாக மாறுவதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். 'யார் வலியவர்?' என்ற கேள்வி அங்கேயே ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது. எந்த நிலத்தில் வலியவர் என்று கேட்டாலன்றி அக்கேள்விக்குப் பொருளில்லை.

பிப்ரவரி 18

அன்று வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கான உதவியாளரையும் வண்டியையும் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். உணவும் நீரும் அவ்வண்டியில் வரும். எதை உண்பது, எவ்வளவு குடிப்பது என்பவற்றுக்கு அளவுகோல் ஏதும் கிடையாது.

அந்நாளின் கதை ஜான் டன்பர், கோர்டன் ஹாலர் என்னும் இருவரைச் சுற்றி அமைந்தது. டன்பர் கடற்படையின் சிறப்புப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். ஹாலர் அதே படையில் தகவல் தொடர்புப் பணியாற்றியவர், ஓட்டத்தில் வல்லவர். நீந்தலில் டன்பர் முந்தினார். மிதிவண்டி முடிந்து மாரத்தான் தொடங்கும்போதும் அவரே முன்னணியில் இருந்தார். ஓட்டத்தின் நடுவே அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. கையில் எஞ்சியிருந்தது பீர், அதையே கொடுத்தனர். நாள் முழுதும் வெயிலில் வற்றிய உடலுக்குள் மது இறங்கினால் என்ன ஆகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. ஹாலர் அவரைக் கடந்து சென்றார். 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முடித்து முதல் 'இரும்பு மனிதன்' ஆனார். டன்பர் 12 மணி 20 நிமிடம் 27 விநாடியில் வந்தடைந்தார்.

இந்தப் பீர்க் கதையைப் பலரும் நகைச்சுவையாகவே சொல்லி வருகின்றனர். நாம் அதை வேறு விதமாகக் காண்கிறோம். உடல் தன் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கும் கிளைகோஜன் சில மணி நேர உழைப்பில் தீர்ந்துவிடும். அதன்பின் வெளியிலிருந்து ஊட்டினாலன்றி இயங்காது. நீரும் உப்பும் அவ்வாறே. இன்று தொடக்கநிலைப் பயிற்சியாளர்கூட இதை அறிவார். அன்று வலிமையில் குறையாத ஒருவர் முந்தியிருந்தும் பின்தங்கியது இவ்வறிவு இன்மையால்தான். அவர் தோல்வி பின்னால் வந்தோர்க்குப் பாடமாயிற்று. 'நீந்தல், மிதிவண்டி, ஓட்டம் ஆகியவற்றோடு உணவே நான்காவது பகுதி' என்று இத்துறையார் இன்று கூறுவதற்கு முதல் சான்று அவரே.

போட்டியைக் கண்டெடுத்த காலின்ஸ் ஏறத்தாழ 17 மணி நேரம் எடுத்துக்கொண்டார். வென்றவர் முடித்து ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது. ஆயினும் விருந்தில் கொடுத்த சொல் நிறைவேறியது. முடித்த பன்னிருவரில் அவரும் ஒருவர்.

கரை வந்த பெண்கள்

முதல் ஆண்டு பதினைவரும் ஆண்கள். மறு ஆண்டு, 1979 ஜனவரியில், வானிலை கெட்டது. போட்டி ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. ஐம்பது பேர் வரை ஆர்வத்துடன் வந்திருந்தும், மறுநாள் காலையில் தொடங்கத் துணிந்தோர் பதினைந்து பேர் மட்டுமே. அவர்களுள் பாஸ்டன் நகரிலிருந்து வந்த மிதிவண்டி வீராங்கனை லின் லெமேரும் ஒருவர். வென்றவர் சான் டியேகோவைச் சேர்ந்த டாம் வாரன். நேரம் 11 மணி 15 நிமிடம் 56 விநாடி. லெமேர் 12 மணி 55 நிமிடம் 38 விநாடியில் முடித்து, ஒட்டுமொத்த வரிசையில் ஐந்தாம் இடம் பெற்றார்.

இவ்வெண்ணின் பொருளை அக்காலச் சூழலில் வைத்துக் காண வேண்டும். அன்று ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட ஓட்டம் 1500 மீட்டர். பெண்கள் மாரத்தான் 1984-இல்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. நெடுந்தொலைவைப் பெண்ணுடல் தாங்காது என்பது ஆட்சியாளர் பலரின் உறுதியான நம்பிக்கை. அந்நம்பிக்கை நிலவிய நாளிலேயே ஒரு பெண் கொந்தளித்த கடலை நீந்தி, தீவைச் சுற்றி வந்து, மாரத்தானையும் ஓடி முடித்தார். அவரைத் தடுக்கும் விதி எதுவும் அங்கு இல்லை. ஏனெனில் விதிகளை எழுத அப்போது எந்த ஆணையமும் அமையவில்லை. இலக்கணம் பிந்தி வருவதன் நன்மையும் ஒன்றுண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அவ்வாண்டுப் போட்டியைப் பற்றி பேரி மெக்டெர்மட் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழில் எழுதிய நெடுங்கட்டுரை நூற்றுக்கணக்கானோரின் ஆவலைத் தூண்டியது. 1980-இல் ஏபிசி தொலைக்காட்சி படம்பிடிக்க வந்தது. பங்கேற்றோர் நூறைத் தாண்டினர். 1981-இல், போட்டியை நடத்தும் பொறுப்பிலிருந்த வலேரி சில்க், ஹொனலூலுவின் போக்குவரத்து நெரிசலை விட்டுப் போட்டியைப் பெருந்தீவிலுள்ள கோனாவுக்கு மாற்றினார். கருகிய எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கிடையே, நிழலற்ற நெடுஞ்சாலையில், குறுக்குக் காற்றை எதிர்த்துச் செல்லும் பாதை அது. அவ்வாண்டு வால்ட் ஸ்டாக் என்னும் 73 வயதுக்காரர் 26 மணி நேரத்துக்கும் மேலாக முயன்று முடித்தார். ஓரிரவு முழுதும் கடந்து மறுநாளும் விடிந்திருந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் 17 மணி நேர எல்லை வகுக்கப்பட்டது.

1982 பிப்ரவரி. ஜூலி மாஸ் என்னும் கல்லூரி மாணவி, உடற்பயிற்சி உடலியலில் தம் ஆய்வேட்டுக்கான தரவு திரட்டவே போட்டிக்கு வந்தார். நெடுந்தொலைவு ட்ரையத்லான் அவருக்கு முதல் அனுபவம். எவரும் எதிர்பாரா வகையில் பெண்களுள் முன்னணிக்கு வந்தார். மாரத்தானின் இறுதிப் பகுதியில் உடல் சேமிப்பு முற்றும் தீர்ந்தது. கால்கள் மடிந்தன; விழுந்தார்; எழுந்தார்; மீண்டும் விழுந்தார். எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் தொலைவில், இருளில், கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று வென்றார். மாஸ் எழ முயலவில்லை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து சென்று கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடையே 29 விநாடி.

தொலைக்காட்சியில் அதைக் கண்டவர்கள் கோடிக்கணக்கான தொகை பெறும் விளையாட்டு வீரர்களைப் பார்த்துப் பழகியவர்கள். அன்றைய போட்டியில் பரிசுப் பணம் இல்லை. வெற்றியும் கைநழுவிவிட்டது. பிறகு எதற்காகத் தவழ வேண்டும்? இக்கேள்வியைப் பார்வையாளர் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டிருப்பர். அக்காட்சியைக் கண்டு அதே ஆண்டு அக்டோபரில் போட்டியிட வந்த மார்க் ஆலன், பின்னாளில் ஆறு முறை வாகை சூடினார். ஆலனைப் போல் வெல்ல வந்தோர் சிலரே. மாஸைப் போல் முடிக்க வந்தோர் ஆயிரக்கணக்கானோர்.

இங்கேதான் கேள்வி மாறியது. 1977-இன் விருந்தில் எழுந்தது 'யார் வலியவர்?' என்னும் கேள்வி. 1982-க்குப் பின் வந்தோர் கேட்டது, 'நம்மால் முடியுமா?' என்பது. முன்னது பிறரை நோக்கியது. பின்னது தன்னை நோக்கியது.

சொல் விற்கப்பட்ட கதை

இவ்வரலாற்றின் வாணிகப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். விருந்தில் நகைப்புக்கிடையே பிறந்த பெயர் வணிக முத்திரையாயிற்று. 2015-இல் சீனாவின் வாண்டா குழுமம் அந்நிறுவனத்தை 65 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-இல் அது 73 கோடி டாலருக்குக் கைமாறியது. முழுத்தொலைவின் பாதியான போட்டிகள் பல நாடுகளுக்குப் பரவின. 2018 பிப்ரவரியில் கொழும்பிலும், 2019 அக்டோபரில் கோவாவின் மிராமர் கடற்கரையிலும் அவை நடந்தன. 1989-இல் பன்னாட்டு ஒன்றியம் அமைந்து, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் குறுந்தொலைவு ட்ரையத்லான் இடம்பெற்றது. 2024-இல் கோனாவில் பேட்ரிக் லாங்கே 7 மணி 35 நிமிடம் 53 விநாடியில் முடித்தார். ஹாலரின் நேரத்தினும் நான்கு மணி நேரத்துக்கும் மேல் குறைவு.

நுழைவுக் கட்டணமும் விலையுயர்ந்த மிதிவண்டியும் இப்போட்டியை வசதி படைத்தோரின் களமாக்கிவிட்டன என்ற குறை நியாயமானதே. காலின்ஸ் கையால் செய்த உலோக உருவத்துக்கும் கோடிக்கணக்கான டாலருக்கும் இடையிலான தொலைவு 226 கிலோமீட்டரினும் நெடியது. எனினும் அறிவு பெருகியதால் களம் விரிந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. 1989-இல் டிக் ஹாய்ட், மூளை முடக்குவாதத்தால் நடக்கவோ பேசவோ இயலாத தம் மகன் ரிக்குடன் கோனாவில் முழுத்தொலைவையும் முடித்தார். கடலில் மகனைப் படகில் கிடத்தி, கயிற்றைத் தம் உடலில் கட்டி இழுத்து நீந்தினார். மிதிவண்டியின் முன் இருக்கையில் அமர்த்தி ஓட்டினார். சக்கர நாற்காலியைத் தள்ளி ஓடினார். அவ்விருவரில் யார் வலியவர் என்று எவரும் கேட்கவில்லை. 2023 அக்டோபரில் கோனா உலகப் போட்டி பெண்களுக்கு மட்டுமே உரியதாக நடந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பெண்கள் அன்று கடலில் இறங்கினர். ஒரு பெண்கூட இல்லாத முதற்போட்டிக்குப் பின் நாற்பத்தைந்து ஆண்டுகளே கழிந்திருந்தன.

நள்ளிரவு

கோனாவில் நிலைபெற்ற ஒரு வழக்கம் உண்டு. காலை ஏழு மணிக்குப் போட்டி தொடங்கிய ஆண்டுகளில் 17 மணி நேர எல்லை நள்ளிரவில் முடியும். பிற்பகலில் வென்றவர் குளித்து உண்டு ஓய்வெடுத்த பின், நள்ளிரவை ஒட்டி எல்லைக்கோட்டுக்குத் திரும்பி வருவார். கடைசி மனிதர்களை வரவேற்பதற்காக. ஊரும் கூடியிருக்கும். பிற்பகலில் வெற்றியாளருக்கு எழுந்த ஆரவாரத்தினும் அந்நேர ஆரவாரம் பெரிது என்று கண்டோர் கூறுவர். பிற விளையாட்டுகளில் இத்தகைய காட்சி அரிது. அங்கெல்லாம் முதல்வர் வந்தவுடன் கதை முடிகிறது.

இவ்வழக்கத்தை எந்த விதிநூலும் கட்டளையிடவில்லை. 1978-இன் அந்நாளிலேயே அதன் வித்து இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். அன்று பன்னிருவர் முடித்தனர். பட்டமோ ஒருவருக்கே உரியது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஹாலர் ஒருவரை மட்டும் இரும்பு மனிதன் என்று உலகம் இன்று அழைப்பதில்லை. முடிக்கும் ஒவ்வொருவரையும் எல்லைக்கோட்டில் அப்பெயரால்தான் அழைக்கின்றனர். பட்டத்தின் இலக்கணம் எப்போது மாறியது, யார் மாற்றினர் என்று வரையறுத்துச் சொல்ல முடியாது. நெடுநேரம் கழித்து, இருளில், தளர்ந்த காலுடன் வந்தோர் ஒவ்வொருவராக அதை மாற்றியிருக்கின்றனர். முதல்வர் வந்து ஐந்து மணி நேரத்துக்குப் பின்னும் ஓடிக்கொண்டிருந்த காலின்ஸ், தாம் சொன்ன வரையறையைத் தம் காலாலேயே திருத்தத் தொடங்கிய முதல் உரையாசிரியர்.